பொது நோக்கமும் தனிமனிதனின் நிலமும்

(நில நிர்வாகப் பயிற்சி பெறும் அலுவலர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரை)

அரசின் அதிகாரங்களில் வரி விதிக்கும் அதிகாரத்தைக் குடிமகன் நன்கு அறிவான். ஆண்டுதோறும் அதைச் சந்திக்கிறான். வேறோர் அதிகாரமும் உண்டு. பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைகூட அதை எதிர்கொள்வதில்லை. எதிர்கொள்ள நேர்ந்தவருக்கோ ஒரே நாளில் வாழ்க்கையின் அடித்தளம் மாறிவிடுகிறது. பொது நோக்கத்திற்காகத் தனியார் நிலத்தை, உரிமையாளரின் சம்மதமின்றியே, எடுத்துக்கொள்ளும் அதிகாரமே அது.

இவ்வதிகாரமின்றி அணையோ, கால்வாயோ, ரயில் பாதையோ அமைக்க எந்த நாட்டாலும் இயலாது. பாதையின் நடுவே நிலம் வைத்திருக்கும் ஒருவர் விற்க மறுத்தால் பாதை முழுவதும் நின்றுபோகும். அல்லது அவர் கேட்கும் விலைக்கு வரம்பில்லாமற் போகும். ஆகவே, அதிகாரம் தேவை என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. அதன் சுமையை யார் தாங்குவது, எவ்வளவு தாங்குவது, முடிவெடுக்குமுன் யாரைக் கேட்பது என்பவற்றிலேதான் நாடாளுமன்றமும் நீதிமன்றங்களும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வந்துள்ளன.

அரசியல் சட்டம் தந்த உரிமை

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் சொத்துரிமையை இரண்டு இடங்களில் அடிப்படை உரிமையாக வைத்தது. சொத்தைத் தேடவும், வைத்திருக்கவும், விற்கவும் உள்ள உரிமை 19வது விதியில் இடம்பெற்றது. பொது நோக்கத்திற்காக அன்றிச் சொத்தை எடுக்கலாகாது; எடுக்கும் சட்டம் இழப்பீட்டையோ, அதை நிர்ணயிக்கும் கோட்பாடுகளையோ கூறியிருக்க வேண்டும் என்று 31வது விதி பகர்ந்தது. அதே அரசியல் சட்டத்தின் 39வது விதி, சமுதாயத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்கு உகந்தவாறு பகிர்ந்தளிக்கப்பட வேண்டுமென்றும், செல்வம் சிலரிடம் குவியலாகாது என்றும் அரசுக்கு வழி காட்டியது. பிற்கால வழக்குகள் அனைத்தும் இவ்விரு கட்டளைகளுக்கும் இடையே எழுந்தவையே.

முதல் மோதல் ஜமீன்தாரி ஒழிப்பில் தோன்றியது. பீகார் மாநிலம் 1950இல் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், சிறு ஜமீன்தாருக்கு நிகர வருமானத்தைப் போல் 20 மடங்கு வரையிலும், மிகப் பெரிய ஜமீன்தாருக்கு 3 மடங்கும் இழப்பீடு தர வகை செய்தது. இப்பாகுபாடு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று கூறி 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மூன்று மாதங்களுக்குள் முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 31-ஏ, 31-பி விதிகளும் ஒன்பதாவது அட்டவணையும் பிறந்தன. 13 நிலச் சட்டங்கள் அவ்வட்டவணையில் சேர்க்கப்பட்டு, அடிப்படை உரிமையின் பேரால் தாக்கப்படாதவாறு காக்கப்பட்டன. உழுபவனுக்கும் அரசுக்கும் இடையே நின்ற இடைத்தரகர்களை நீக்க வேறு வழி இல்லை என்பது அன்றைய ஆட்சியாளரின் கருத்து. அதில் நியாயம் இருந்தது. எனினும், ஒருமுறை திறந்த கதவு பின்னர் வேறு பலவற்றுக்கும் பயன்பட்டது என்பதையும் வரலாறு காட்டுகிறது.

ஒரு சொல்லின் வரலாறு

அடுத்த இருபது ஆண்டுகளில் வழக்கின் மையம் "இழப்பீடு" என்ற ஒரே சொல்லில் வந்து நின்றது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்த மேற்கு வங்க அரசு 1948இல் ஒரு சட்டம் இயற்றி, நிலம் எப்போது எடுக்கப்பட்டாலும் 1946 டிசம்பர் 31ஆம் நாளைய விலைக்கு மேல் தரலாகாது என்று விதித்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் இழப்பீடு என்றால் இழந்ததற்கு ஈடானது என்றே பொருள். நாட்டையே அறியாத ஒரு பழைய தேதியில் விலையைக் கட்டிப் போடுவது ஈடாகாது என்று பேலா பானர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு விடையாக 1955இல் வந்த நான்காவது திருத்தம், இழப்பீடு போதுமானதா என்பதை நீதிமன்றங்கள் ஆராயலாகாது என்றது.

இவ்வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. வீட்டுவசதித் திட்டங்களுக்காக எடுக்கப்படும் நிலங்களுக்கென 1961இல் சென்னை மாநிலம் தனித் திருத்தச் சட்டம் ஒன்றை இயற்றியது. அறிவிக்கை நாளின் சந்தை மதிப்பு, முந்தைய ஐந்தாண்டுகளின் சராசரி மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே தரப்படும். வழக்கமான 15 சதவீத ஆறுதல் தொகை 5 சதவீதமாகும். வீட்டுவசதிக்காக நிலம் இழப்பவன் குறைவாகவும், மருத்துவமனைக்காக இழப்பவன் கூடுதலாகவும் பெறுவது ஏன்? வஜ்ரவேலு முதலியார் வழக்கில் இவ்வினாவுக்கு விடை கிடைக்காமையால், சமத்துவ உரிமையின் அடிப்படையில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், 11 நீதிபதிகளுள் 10 பேர் அச்சட்டம் செல்லாது என்றனர். நாடாளுமன்றம் 1971இல் 25வது திருத்தத்தின் மூலம் "இழப்பீடு" என்ற சொல்லையே நீக்கி, அவ்விடத்தில் "தொகை" என்ற சொல்லை வைத்தது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து எடநீர் மடாதிபதி தொடுத்த கேசவானந்த பாரதி வழக்கில், 1973 ஏப்ரல் 24ஆம் நாள், 13 நீதிபதிகளில் 7 பேர் ஓர் எல்லையை வகுத்தனர்: நாடாளுமன்றம் எவ்விதியையும் திருத்தலாம், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது. அப்பெரும்பான்மையைத் தீர்மானித்த நீதிபதி கன்னா, சொத்துரிமை அக்கட்டமைப்பில் அடங்காது என்று கருதினார்.

அடிப்படை உரிமை, சட்ட உரிமையானது

நெருக்கடி நிலைக்குப் பின் வந்த அரசு, தனிமனித உரிமைகளை மீட்கும் நோக்குடன் 1978இல் 44வது திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதே திருத்தம்தான் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1979 ஜூன் 20 முதல் 31வது விதி மறைந்து, சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்ற 300-ஏ விதி வந்தது. பெரும் நிலக்கிழார்களும் பெரும் நிறுவனங்களும் அடிப்படை உரிமையைக் கேடயமாக்கிச் சமுதாயச் சீர்திருத்தத்தைத் தடுக்கின்றனர் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம்.

ஆனால் அக்கேடயம் அகன்றபின் வெயிலில் நின்றவர் யார்? ஜமீன்களின் கதை அதற்குள் முடிந்துவிட்டது. தொழிற்பேட்டை, நீர்த்தேக்கம், நகர விரிவு ஆகியவற்றுக்காக அதன்பின் எடுக்கப்பட்ட நிலங்களுள் பல, ஓரிரு ஏக்கர் வைத்திருந்த குடியானவர்களுடையவை. உரிமையின் அளவு ஒன்றே. அதை இழப்பதன் வலி ஒன்றன்று. ஆயிரம் ஏக்கரில் நூறு போனால் வருமானம் குறையும். இரண்டு ஏக்கரில் இரண்டும் போனால் தொழிலே போய்விடும்.

மதிப்பீட்டில் நேர்ந்த குறை

இந்நிலையில் குடியானவனுக்கு எஞ்சியிருந்தது 1894ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டம். அதன்படி 4வது பிரிவின் அறிவிக்கை நாளில் நிலவிய சந்தை மதிப்பே அடிப்படை. அம்மதிப்புக்குச் சான்று அண்டை நிலங்களின் கிரயப் பத்திரங்கள். முத்திரைத் தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நாடறிந்தது. எனவே, விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து மறைத்த தொகையை, மூன்றாமவரான நிலம் இழப்பவர் இழப்பீட்டில் இழந்தார்.

காலதாமதம் இரண்டாவது குறை. விலை அறிவிக்கை நாளில் உறைந்துவிடும். பணமோ பல ஆண்டுகள் கழித்து வரும். அதற்குள் அதே திட்டத்தினால் சுற்றுப்புற நிலங்களின் விலை ஏறிவிடும். வளர்ச்சியின் ஆதாயம் அண்டை வீட்டாருக்கும், அதன் செலவு நிலம் கொடுத்தவருக்குமாகப் பங்கிடப்பட்டது. 1984ஆம் ஆண்டின் திருத்தம் ஆறுதல் தொகையை 30 சதவீதமாக உயர்த்தியது. பிரகடனத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தீர்வம் வழங்காவிடில் நடவடிக்கை காலாவதியாகும் என்றது. வழக்குத் தொடுத்தவருக்குக் கிடைத்த உயர்ந்த விலையை, வழக்குத் தொடுக்க வகையற்ற அண்டை நிலத்தாரும் மனு செய்து பெறலாம் என்று 28-ஏ பிரிவு கூறியது. ஏழைக்கும் சட்டத்துக்கும் உள்ள தொலைவை உணர்ந்து எழுதப்பட்ட பிரிவு அது.

மூன்றாவது குறை எல்லாவற்றினும் பெரிது. பட்டா உடையவருக்கு இழப்பீடு உண்டு. அந்நிலத்தில் கூலி வேலை செய்து பிழைத்தவருக்கு ஒன்றுமில்லை. இக்குறையை நோக்கிய முக்கியமான அடி 1979இல் நர்மதை நதிநீர்த் தகராறுத் தீர்ப்பாயத்தின் இறுதித் தீர்ப்பில் வைக்கப்பட்டது. நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம் தரவேண்டும் என்று அது பணித்தது. பணம் கரையும், நிலம் நிற்கும் என்ற உழவனின் அறிவை ஒரு தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. அதை நிறைவேற்றுவதில் எழுந்த நீண்ட போராட்டம் தனி வரலாறு.

2013ஆம் ஆண்டின் சட்டம்

மேற்குவங்கத்தின் சிங்கூரில் கார்த் தொழிற்சாலைக்காக 2006இல் சுமார் ஆயிரம் ஏக்கர் எடுக்கப்பட்டதும், அதைத் தொடர்ந்த கிளர்ச்சியும் பழைய சட்டத்தின் முடிவை விரைவுபடுத்தின. 2014 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனியார் நிறுவனத்துக்காக எடுப்பின் பாதிக்கப்படும் குடும்பங்களுள் 80 சதவீதத்தினரும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டமாயின் 70 சதவீதத்தினரும் முன்கூட்டிச் சம்மதிக்க வேண்டும். சமுதாயத் தாக்க மதிப்பீடு கட்டாயம். ஆறுதல் தொகை 100 சதவீதம். கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை இரு மடங்கு வரை பெருக்கலாம். மூன்று ஆண்டுகளாக அந்நிலத்தை நம்பி வாழ்ந்த குத்தகைதாரரும் கூலித் தொழிலாளரும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்ற சொல்லுக்குள் வந்தனர்.

இச்சட்டத்தால் திட்டச் செலவு ஏறுகிறது, காலம் நீள்கிறது என்ற குறைபாடு உடனே எழுந்தது. 2014 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் ஐந்து வகைத் திட்டங்களுக்குச் சம்மத விதியிலிருந்து விலக்களித்தது; மீண்டும் பிறப்பிக்கப்பட்டு, 2015 ஆகஸ்டு முடிவில் அது காலாவதியாயிற்று. பின்னர் சில மாநிலங்கள் தத்தம் திருத்தங்களின் மூலம் விலக்குகளைத் தேடின. செலவு ஏறுகிறது என்ற வாதத்தைப் பொருளாதார நோக்கில் ஆராய வேண்டும். முன்பும் அச்செலவு இல்லாமல் இல்லை. திட்டக் கணக்கில் எழுதப்படாமல், நிலம் இழந்தவனின் வீட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. இன்று அது திட்டத்தின் கணக்கிலேயே வருகிறது. உண்மையான செலவைத் தாங்கியபின்னும் ஆதாயம் தரும் திட்டமே நாட்டுக்கு ஆதாயமான திட்டமாகும்.

அலுவலரின் மேசையில்

சிங்கூர் நிலங்களைத் திருப்பித் தரும்படி 2016 ஆகஸ்டு 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பொது நோக்கம் இருந்ததா என்பதில் இரு நீதிபதிகளும் வேறுபட்டனர். ஆட்சேபனைகளை விசாரித்த முறை சட்டப்படி அமையவில்லை என்பதில் ஒன்றுபட்டனர். கொள்கை பற்றிய விவாதம் எப்படி முடிந்திருந்தாலும், விசாரணை முறையாக நடவாமையே அத்திட்டத்தை வீழ்த்தப் போதுமானதாயிருந்தது.

ஹிமாசலப் பிரதேசத்தில் 1967-68இல் சாலைக்காக ஒரு மூதாட்டியின் சுமார் 3.34 ஹெக்டேர் நிலம் எந்த ஆர்ஜித நடவடிக்கையுமின்றி எடுத்துக்கொள்ளப்பட்டது. எழுத்தறியாத அவர் நீதிமன்றம் வந்தபோது, நெடுங்காலம் வைத்திருந்தமையால் அனுபோக பாத்தியம் தனக்கே வந்துவிட்டது என்று மாநில அரசு வாதிட்டது. மக்கள்நல அரசு தன் குடிமகளின் நிலத்துக்கு எதிராக அவ்வாறு வாதிடலாகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்து, இழப்பீடு வழங்கப் பணித்தது. அப்போது அவருக்கு வயது 80.

2024 மே மாதம், கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் 300-ஏ விதிக்குள் ஏழு உரிமைகள் அடங்கியுள்ளதாக உச்ச நீதிமன்றம் விளக்கியது: முன்னறிவிப்புப் பெறுதல், ஆட்சேபனை கூறி விசாரிக்கப்படுதல், காரணங்களுடன் கூடிய முடிவைப் பெறுதல், பொது நோக்கத்திற்காக மட்டுமே எடுக்கப்படுதல், நியாயமான இழப்பீடோ மறுவாழ்வோ பெறுதல், தாமதமற்ற நடைமுறை, நடவடிக்கை முற்றுப்பெறுதல். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வில் பெரும்பான்மையோர், தனியாருக்குச் சொந்தமான ஒவ்வொரு பொருளும் "சமுதாயத்தின் பொருள் வளம்" ஆகிவிடாது என்றனர். அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து 1979இல் வெளியேறிய உரிமை, நடைமுறை நியாயம் என்னும் வாயில் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

மேற்கண்ட ஏழில் முதல் மூன்றும் நாடாளுமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நிறைவேறுபவையல்ல. தாலுகா அலுவலகத்தில், நில எடுப்பு அலுவலரின் மேசையில் நிறைவேறுபவை. அறிவிப்பு உரியவர் கைக்குச் சேர்ந்ததா, அல்லது சாவடிச் சுவரில் ஒட்டப்பட்டதோடு நின்றதா? ஆட்சேபனை மனுவைப் படித்து எழுதப்பட்டதா, அல்லது "ஆட்சேபனை நிராகரிக்கப்படுகிறது" என்ற ஒரே வரி நூறு கோப்புகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டதா? இளம் அலுவலர்களே, அரசின் மாபெரும் அதிகாரம் ஒன்று உங்கள் கையொப்பத்தின் வழியே ஒரு குடும்பத்தைச் சென்றடைகிறது. அக்குடும்பம் அரசியல் சட்டத்தை நேரில் காணும் இடமும் அதுவே. அங்கே ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்கப்படும் ஆட்சேபனை, பின்னர் நீதிமன்றத்தில் கழியக்கூடிய பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும். திட்டத்தையும் காக்கும், நிலம் கொடுத்தவரின் மதிப்பையும் காக்கும்.