பச்சை ஒயர் எங்கே போகிறது?



வீட்டு மின்னணுச் சாமான்களுக்கு ஆபத்து வானத்திலிருந்தா, நம் அலட்சியத்திலிருந்தா? அலட்சியமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? உயரத்திலே ஒரு அணுகுண்டு வெடிச்சா போதும், மின்காந்தத் துடிப்பு பாய்ந்து டி.வி., செல்போன், மிக்ஸி எல்லாம் காலி என்றார். முன்வரிசையிலே ஒரு அம்மா உடனே கைப்பையைத் திறந்து செல்போனைத் தொட்டுப் பார்த்துக்கிட்டாங்க! (சிரிப்பு)

அண்ணன் சொன்னது பொய்யில்லை. 1962 ஜூலை 9. பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஒரு குண்டை வெடித்தது. 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்று பெயர். சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி ஹவாய்த் தீவிலே தெருவிளக்குகள் சில அணைந்தன. திருட்டு மணிகள் திருடனே வராமல் அடித்தன! ஆனால் தீவு முழுக்க இருண்டதா? இல்லையே!

துடிப்பு எதைப் பிடிக்கும்? நீளமான கம்பியைப் பிடிக்கும். கம்பிதான் அதற்கு ஏணி. 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் மணிக்கணக்கில் இருட்டிலே கிடந்தார்கள். அங்கேயும் மாட்டிக்கொண்டது நெடுந்தூர மின்பாதைதான். கையிலே கட்டியிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டைட்டன் செய்கிற ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

சரி, நமக்கு வருஷா வருஷம் வருகிற மின்காந்தத் துடிப்பு எது? இடி மின்னல் ஐயா! நம்ம ஊட்டியிலே கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கண்டுபிடித்தது. அந்த மேகம் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு தென்னைமரத்தில் இறங்கினாலும், பக்கத்துக் கம்பியிலே துடிப்பு கிளம்பி நம் வீட்டுக்கு வரும். ஜூஜூவாடியிலே லாரியை நிறுத்தலாம், அதை நிறுத்த முடியுமா?

என் தாய்மாமன் மூக்கண்டப்பள்ளியிலே பட்டறை வைத்திருந்தார். கடன் வாங்கி ஒரு சி.என்.சி. லேத் போட்டார். வயரிங் செய்த தம்பி சொன்னான்: "அண்ணே, தனியா எர்த் குழி தோண்டணும், சர்ஜ் அரெஸ்டர் மாட்டணும்." மாமா, "பச்சை ஒயர் இருக்குதில்ல, போதும்டா" என்றார். அந்தப் பச்சை ஒயர் சுவர் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. மண்ணைத் தொடவே இல்லை!

சித்திரை மாசம் ஒரு சாயங்காலம். இடி எங்கேயோ விழுந்தது. பட்டறையிலே ஒரு சின்ன சத்தம். கன்ட்ரோல் கார்டு போச்சு. ஒன்றரை மாசம் வேலையில்லை. தேன்கனிக்கோட்டைப் பசங்க இரண்டு பேர் ஊருக்குத் திரும்பினார்கள். அத்தை கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

"இடி விழுந்துடுச்சு மாப்ளே" என்று மாமா அழுதார். நான் சொன்னேன்: "இல்லை மாமா, இடி வேற இடத்துல விழுந்தது. இங்க கம்பி வழியா வந்ததுக்கு வெளியே போக வழி வைக்காதது நாமதான்."

இன்றைய சிப்பு ஒரு வோல்ட், மூன்று வோல்ட்டிலே வேலை செய்கிற பூஞ்சை உடம்பு. ஆயிரம் வோல்ட் வந்தால் தாங்குமா? அரெஸ்டர் அதைத் திருப்பிவிடும். திருப்பிவிட மண் வேண்டும். கோடையிலே எர்த் குழிக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிள் ஒயரையும் சேர்த்து.

அணுகுண்டை நிறுத்த அரசாங்கங்கள் பேசட்டும். நம் வாசலிலே குழி தோண்ட யாரைக் கேட்க வேண்டும்? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் பச்சை ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள். சுவரிலே முடிந்தால் குற்றவாளி வானமல்ல, நாம்தான் என்று கூறி, நல்ல தீர்ப்பை நடுவரிடம் வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)