வேலைவாய்ப்புத் திட்டங்களை மதிப்பிடுவது எப்படி?

(அலுவலர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், செலவிட்ட தொகையும் உருவாக்கிய மனித நாட்களும் முதலில் கண்ணில் படும். இவை பணி நடந்ததற்குச் சான்று. வேலையின்மை குறைந்ததற்குச் சான்று அல்ல. திட்டம் இல்லாதிருந்தால் அம்மக்களின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்ற வினாவுக்கு விடை கண்டாலன்றி மதிப்பீடு நிறைவு பெறாது.

முதலில் அளவுகோலைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் நாட்டின் வேலையின்மையை ஒரே எண்ணில் அடக்க இயலாது என்று தந்த்வாலா குழு 1970-இல் எடுத்துரைத்தது. அதன் பின்னர் 1972-73ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு, வழக்கமான நிலை, வார நிலை, நாள் நிலை என மூவகையாகக் கணக்கெடுத்தது. ஏழை விவசாயத் தொழிலாளி ஆண்டு முழுவதும் வேலையின்றி இருக்க இயலாது, கிடைத்ததைச் செய்கிறார். ஆகவே வழக்கமான நிலையில் அவர் வேலையுள்ளவர். கோடையில் அவர் இழக்கும் நாட்கள் நாள் நிலைக் கணக்கில்தான் புலப்படும். நூறு நாள் வேலையின் பயனையும் அங்கேதான் தேட வேண்டும்.

அடுத்தது ஒப்பீடு. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் ஊரகப் பகுதிகள் அனைத்திற்கும் விரிந்தது. இந்த இடைவெளி ஆய்வாளருக்கு நல்வாய்ப்பாயிற்று. ஆனால் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவை பின்தங்கிய மாவட்டங்கள். ஆதலின் கூலியின் அளவை அன்று, கூலியில் நேர்ந்த மாற்றத்தையே ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிட்ட சில ஆய்வுகள், வேலை குறைந்த பருவத்தில் தனியார் கூலி உயர்ந்ததைக் கண்டன. எல்லா ஆய்வுகளும் இதில் உடன்படவில்லை. கூலி உயர்ந்த இடங்களில், திட்டப் பணிக்கு வராதவரும் பயன் பெற்றனர் என்பதை மனித நாட்களின் கணக்கு காட்டாது.

பயனாளிகளில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். வீட்டளவில் இருந்த பெண்கள் வேலை தேடி முன்வரும்போது உழைப்பாளர் தொகை பெருகும். வேலையின்மை விகிதம் குறையாமலும் போகலாம். இதனைத் தோல்வி என்று எழுதுவது தவறாகும்.

இறுதியாக அலுவலர்களுக்கு ஒரு சொல். விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் வேலை தர இயலாவிடில் வேலையின்மைப் படி வழங்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. விண்ணப்பத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், அந்த ஏழை தம் உரிமையை இழப்பார். வேலை கேட்டும் பெறாதவர் எத்தனை பேர் என்பதும் தெரியாமற்போகும். எத்தகைய திட்டமாயினும், கொடுத்த வேலையோடு கேட்ட வேலையையும் தவறாது பதிவு செய்யுங்கள்.