விரல் ஒண்ணுதான்!

(கொல்லிமலை அடிவாரம் புளியஞ்சோலையில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘விளையாட்டை வாழ வைப்பது நடுவரின் விரலா? ரசிகரின் குரலா?’ ‘நடுவரின் விரலே’ அணியின் நிறைவுப் பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! தொண்டை கட்டுகிற வரை முழங்கிவிட்டு, இப்போது சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! துறையூர்ப் பக்கமிருந்தும் மலைமேலிருந்தும் வந்து அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

இது எந்த மண்ணு? வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை மண்ணு. ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைச்சு, புலி, மான், பன்றி எல்லாத்தையும் துளைச்சு, கடைசியில புற்றுல இருந்த உடும்புல போய் நின்னுச்சுன்னு புறநானூறு சொல்லுது. வன்பரணர் பாடினார், தமிழன் ஒத்துக்கிட்டான். நம்ம எதிரணித் தலைவர் அன்னைக்கு இருந்திருந்தா, “மான் மேல படவே இல்லைங்க, ரீப்ளே போடுங்க”ன்னு கேட்டிருப்பார்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் கண் கலங்கப் பேசினார். எதுக்கு? 2019 மே 12, ஐதராபாத், ஐ.பி.எல். இறுதி ஆட்டம். மும்பை 149. சென்னை 148. ஒரே ஒரு ரன்னில் கோப்பை போச்சு. தோனி 2 ரன்னில் ரன் அவுட். இஷான் கிஷன் எறிந்த பந்து நேரா ஸ்டம்பில். மூன்றாவது நடுவர் நைஜல் லாங் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கோணத்தில் மட்டை கோட்டைத் தாண்டின மாதிரி இருக்கு, இன்னொரு கோணத்தில் தாண்டாத மாதிரி இருக்கு. அவுட் கொடுத்துட்டார். “சந்தேகம் வந்தா பேட்ஸ்மேனுக்குத்தானே சாதகமாச் சொல்லணும்?” இது நண்பர் கேள்வி.

நல்ல கேள்விதான். நானும் அன்னைக்கு ராத்திரி சோறு திங்காம படுத்தவன்தான்! (சிரிப்பு) ஆனா யாருக்கு வந்த சந்தேகம்? உங்களுக்கும் எனக்கும் வந்த சந்தேகமா? பார்க்கிறதுக்குன்னு உட்கார வெச்ச மனுசனுக்கு வந்த சந்தேகமா? சென்னைக்காரன் கண்ணுக்கு அது நாட் அவுட். மும்பைக்காரன் கண்ணுக்கு அவுட். படம் ஒண்ணு, கண்ணு ரெண்டு கோடி! ரெண்டு கோடிப் பேரும் சேர்ந்து தீர்ப்புச் சொன்னா, அந்த ஆட்டம் இன்னும் முடிஞ்சிருக்காது. கேமரா வந்தா சண்டை ஓயும்னு சொன்னாங்க. 1992இல் டர்பன் டெஸ்டில் டி.வி. பார்த்து ரன் அவுட் கொடுத்தாங்களே, அன்றைக்கே ஓய்ந்திருக்க வேண்டும். ஓயலையே! கேமரா படத்தைக் காட்டும். தீர்ப்பை மனுசன்தான் சொல்லணும்.

இன்னொரு நண்பர், “தல தோனியே தட்டிக் கேட்டாரே!” என்றார். உண்மை. 2019 ஏப்ரல் 11, ஜெய்ப்பூர். நோ பால்னு காட்டிட்டு மாத்திட்டாங்கன்னு, அவுட் ஆகி வெளியே போனவர் திரும்ப மைதானத்துக்குள்ள வந்துட்டார். என்ன கிடைச்சுது? தீர்ப்பு மாறலை. அந்த ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம் போச்சு. தோனிக்கே அந்தக் கதின்னா, டி.வி. முன்னாடி ரிமோட்டை உடைக்கிற நமக்கு என்ன கிடைக்கும்? புது ரிமோட் செலவுதான்! (கைதட்டல்)

கொஞ்சம் பின்னால் போவோம். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். இந்தியா ஜெயிக்க 348 ரன். கடைசி ஓவர், நாலு ரன் வேணும். கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி ரெண்டு எடுத்தார், ஒண்ணு எடுத்தார். கணக்குச் சமம். மிச்சம் மூணு பந்து. எதிரே மணீந்தர் சிங். ஒரு பந்தைத் தடுத்துட்டார். அடுத்த பந்து, கிரெக் மாத்யூஸ் போட்டது, காலில் பட்டது. ஆஸ்திரேலியாக்காரன் கத்தினான். நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். ஆட்டம் ‘டை’!

“பந்து முதல்ல பேட்டுல பட்டுச்சு”ன்னு மணீந்தர் பிறகு சொன்னார். இருக்கலாம். ஆனா நினைச்சுப் பாருங்க. நடுவர் இந்தியர். ஊர் இந்தியா. சுத்தி உட்கார்ந்திருக்கிறவன் எல்லாம் நம்மாளு. தலையை ஆட்டிட்டுப் பேசாம நின்னிருந்தா யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டான். மனசுல பட்டதைச் சொன்னார். டெஸ்ட் வரலாற்றில் இன்று வரை ‘டை’ ஆன ஆட்டம் இரண்டே இரண்டு. 1960 பிரிஸ்பேன், 1986 சென்னை. அந்தப் பெருமையை நாம் வைத்துக்கொண்டோம். விக்ரம்ராஜுவுக்கு என்ன கிடைத்தது? அதற்குப் பிறகு அவர் ஒரு டெஸ்டில்கூட நடுவராக நிற்கவில்லை.

சரி, தீர்ப்பு தப்புன்னே நிரூபணம் ஆயிட்டா? அமெரிக்காவில் பேஸ்பால்னு ஒரு ஆட்டம். ஒரு பந்து வீச்சாளர் 27 பேரையும் ஒருத்தர்கூட பேஸ் தொடாமல் வெளியேற்றினால் அது பெரிய சாதனை. 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா 26 பேரை அப்படியே அனுப்பிட்டார். 27ஆவது ஆளும் அவுட்தான். நடுவர் ஜிம் ஜாய்ஸ் ‘அவுட் இல்லை’ன்னுட்டார்! சாதனை போச்சு. ஆட்டம் முடிஞ்சு படத்தைப் பார்த்த ஜாய்ஸ், அந்தப் பையனிடமே போய் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கும் அவர்தான் நடுவர். அணிப் பட்டியலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தவர் அதே கலராகா. நடுவர் மைதானத்திலேயே கண்ணீர் விட்டார். சாதனைப் புத்தகத்தில் அந்தப் பையன் பெயர் ஏறலை. ஆனா புளியஞ்சோலை வரைக்கும் இன்னைக்கு வந்திருக்கே! (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சிடாதீங்க ஐயா, என் கதை ஒண்ணு பாக்கி இருக்கு. நான் பக்கத்து ஊருக்காரன். பொங்கலுக்கு, அறுப்பு முடிஞ்ச வயல்ல டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடத்துவோம். ஒரு வருசம் இறுதி ஆட்டம். நடுவர் எங்க சித்தப்பா. ஒரு ரன் எடுத்தா கோப்பை. ஓடினேன். “அவுட்”டுன்னார். சொந்த அண்ணன் மகனுக்கு! மட்டையைத் தூக்கி வாய்க்கால்ல வீசினேன். ஊரே கூடி அவரை ஏசுச்சு. எங்க அம்மா நல்லநாள் பலகாரத்தைக்கூட அந்த வீட்டுக்குக் கொடுத்து விடலை.

அடுத்த பொங்கல் வந்துச்சு. பந்து இருக்கு, மட்டை இருக்கு, வயல் இருக்கு, நாங்க இருபத்திரெண்டு பேரும் இருக்கோம். நடுவரா நிக்க ஒருத்தர் வரலை. “உங்ககிட்ட ஏச்சு வாங்க எனக்கென்ன தலையெழுத்தா?”ன்னுட்டாங்க. ஆட்டம் நின்னு போச்சு ஐயா. ரசிகர் குரல் இல்லாததாலயா நின்னுச்சு? குரல் நிறைய இருந்துச்சு. தூக்கறதுக்கு ஒரு விரல் இல்லை!

ரொம்ப வருசம் கழிச்சு சித்தப்பா உடம்புக்கு முடியாம கிடந்தார். போய் உட்கார்ந்தேன். “சித்தப்பா, அன்னைக்கு நான் அவுட்டா?”ன்னு கேட்டேன். அவர் சொன்னார்: “எனக்கு இன்னும் தெரியாதுடா. அந்த நேரத்துல என் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னேன். நீ என் பையன்னு பார்த்துச் சொல்லலை. அது மட்டும் தெரியும்.” (அமைதி)

அவ்வளவுதான் ஐயா நடுவு நிலைமை. அதுக்குத்தான் வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தப்பே செய்யாதவன் நடுவன் இல்லை. ஆளைப் பார்த்துச் சொல்லாதவன்தான் நடுவன். விவாதம் பண்ணுங்க, டீக்கடையில விடிய விடியப் பேசுங்க. ஆனா விரலைத் தூக்கினவனை விரட்டிடாதீங்க. விரட்டிட்டா அடுத்த பொங்கலுக்கு ஆட்டம் இருக்காது.

ஆகவே, விளையாட்டை வாழ வைப்பது நடுவரின் விரலே என்று கூறி அமர்கிறேன். நடுவர் அவர்களே, நீங்கள் எதிரணிக்கே தீர்ப்புச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வேன். என் கட்சியே அதுதானே! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)