நட்டதும் காத்ததும்

கென்யாவில் காடுகள் அழிந்தபோது விறகுக்கும் நீருக்கும் நெடுந்தொலைவு நடந்தவர்கள் சிற்றூர்ப் பெண்கள். அவர்களைக் கொண்டே 1977இல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார் வங்காரி மாத்தாய். அப்பெண்கள் நாட்டு மர விதைகளைத் திரட்டி நாற்று வளர்த்தனர். பிழைத்து நின்ற கன்றுக்கு மட்டுமே சிறுதொகை வழங்கப்பெற்றது. நடுதல் ஒருநாட் பணி. காத்தலோ நெடுநோன்பு என்பதை அவ்விதி உணர்த்திற்று.

அந்நோன்பு எளிதன்று. நைரோபியின் கரூரா காடு தனியார் கட்டடங்களுக்காகப் பங்கிடப்பட்டது. 1999இல் அங்கே மரக்கன்று நடச் சென்ற வங்காரி தலையில் தாக்கப்பட்டார். காவல் நிலையத்தில் தம் குருதியைத் தொட்டே புகாரில் கையெழுத்திட்டார். காடு பிழைத்தது. 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

நட்ட மரத்தின் அருகே நிற்கும் மனவுறுதியே அதற்கு வேலி.