மாடு இலவசம், மூக்கணாங்கயிறு விலைக்கு!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை என்று பேசுகிற இந்தக் கூட்டத்தில் இன்றைக்கு செல்போன் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "அது பிள்ளைங்க சமாச்சாரம்தானே மேடம்?" என்று நீங்கள் கேட்கலாம். போன் பிள்ளை கையில் இருக்கிறது, சரி. அந்தப் போனோடு சேர்ந்திருக்கிற வங்கிக் கணக்கு யாருடையது? உங்களுடையது. கூலிப் பணம், பால் பணம், குழுக் கடன் எல்லாம் அதில்தான் வருகிறது. அதனால் இது நம்ம சமாச்சாரம்தான்.

தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே என்பார்கள். அது சொந்தக்காரர் கொடுக்கிற மாட்டுக்குச் சரி. கம்பெனி கொடுக்கிற மாட்டைப் பல்லையும் பார்க்கணும், வாலையும் பார்க்கணும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 'தி சிம்ஸ் 4' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. வீடு கட்டி, குடும்பம் நடத்துகிற விளையாட்டு. 2014-ல் விலைக்கு விற்றார்கள். 2022 அக்டோபரில் அடிப்படை விளையாட்டை எல்லோருக்கும் இலவசமாக்கிவிட்டார்கள். நல்ல மனசு என்று தோன்றுகிறது இல்லையா? ஆனால் அந்த வீட்டில் நாய், பூனை வளர்க்க வேண்டுமா? அதற்குத் தனியாக ஒரு தொகுப்பு வாங்க வேண்டும். மழைக்காலம், குளிர்காலம் வர வேண்டுமா? அதற்கு இன்னொன்று. இப்படிப்பட்ட பெரிய தொகுப்பு ஒன்றின் விலை அங்கே 40 டாலர். நம்ம பணத்தில் 3,000 ரூபாய்க்கு மேல். இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன. வீடு இலவசம், மழைக்குக் காசு!

நம்ம ஊர் போனில் வருகிற விளையாட்டிலும் இதே வழிதான். இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. உள்ளே போனால் சட்டை, துப்பாக்கி, புது ஆட்டக்காரர் என்று கடை விரித்திருப்பார்கள். அதையும் ரூபாயில் சொல்ல மாட்டார்கள். டைமண்ட், காயின் என்பார்கள். திருவிழாவில் ராட்டினத்துக்கு டோக்கன் வாங்கினால் கையில் இருப்பது பணம் என்பதே மறந்துபோகும் அல்லவா? அதே தந்திரம். போதாததற்கு, "இன்னும் இரண்டு மணி நேரம்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 50 ரூபாய் குழுச் சேமிப்பு கட்டுகிறோம். வருஷத்துக்கு 2,600 ரூபாய். பிள்ளை ஒரு தடவைக்கு 80 ரூபாய் வீதம் மாதம் மூன்று தடவை வாங்கினால் 240 ரூபாய். வருஷத்துக்கு 2,880. நாம் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததைவிட அதிகம்! 80 ரூபாய்தானே என்று விடுவதால்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

படித்தவர்கள், பணக்கார நாட்டுக்காரர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். 'ஃபோர்ட்நைட்' என்ற இலவச விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி, பட்டன்களைக் குழப்பமாக வைத்துப் பலரை அறியாமலே வாங்க வைத்தது என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. விளையாடியவர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கொடுக்க 2022 டிசம்பரில் அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆகவே உங்கள் பிள்ளை ஏமாந்தால் அவனை மட்டும் திட்டிப் பயன் இல்லை.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் ஒரு சட்டம் வந்தது. ஜெயித்தால் பணம் கிடைக்கும் என்று ஆசை காட்டி, காசு கட்டி ஆட வைக்கும் ஆன்லைன் விளையாட்டுகளை அது தடை செய்கிறது. ஆனால் விளையாட்டுக்குள்ளே சட்டையும் துப்பாக்கியும் விற்பது அந்தத் தடையில் வராது. அதை வீட்டில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. விளையாட்டை இறக்கும் முன் பிளே ஸ்டோரில் அதன் பெயருக்குக் கீழே பாருங்கள். 'இன்-ஆப் பர்ச்சேஸ்' என்று இருந்தால் உள்ளே கடை இருக்கிறது என்று அர்த்தம். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள்.

2. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். இன்று கூட்டம் முடிந்ததும் போனைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

3. "எனக்கு இதெல்லாம் தெரியாது, நீயே போடு" என்று பின் நம்பரைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பீரோ சாவியை யாரிடமும் கொடுப்போமா? நம்பரை நீங்களே அழுத்தப் பழகுங்கள். 'ஆட்டோபே' என்று வந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். ஒரு முறை சரி சொன்னால் மாதாமாதம் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

4. தெரியாமல் வாங்கிவிட்டால் பயந்து மறைக்க வேண்டாம். 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரிலேயே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனால் கேட்காமல் கிடைக்காது.

5. "டைமண்ட் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். பணம் திருடுபோனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பிள்ளைகள் விளையாடட்டும், அதில் தப்பில்லை. காசு கட்டாமலே ஆடி மகிழ்கிற பிள்ளைகளும் நிறைய. அடிப்பதைவிட, வாங்கியதை நோட்டில் எழுதி மாதக் கடைசியில் கூட்டச் சொல்லுங்கள். நாம் குழுவில் கணக்கு எழுதித்தானே கணக்குக் கற்றுக்கொண்டோம்?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கொண்டு வாருங்கள். காரணம் தெரியாத சின்னச் சின்னப் பிடித்தம் இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்ப்போம். இதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதிக்கொள்வோம்.