வறண்ட புன்செய்க்கு நீர் வந்த வரலாறு

(கொள்ளேகாலில் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கீழ்பவானிப் பாசனத் திட்டத்தின் வரலாற்றைக் கொள்ளேகாலில் வந்து பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். 1948இல் பவானிசாகர் அணையின் கட்டுமானம் தொடங்கியபோது, அந்த அணையும் இந்த ஊரும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி கொள்ளேகாலைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டமாக இது நீண்டகாலம் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று, மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, மைசூர் மாநிலத்திற்கு மாற்றப்பட்டது. மாநிலம் மாறியது, மானாவாரி நிலம் மானாவாரியாகவே நின்றது.

நீர் இங்கே இல்லாமல் இல்லை. இந்த வட்டத்தின் எல்லையில்தான் காவிரி சிவசமுத்திரம் அருவிகளாக விழுகிறது. 1902இல் அங்கு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்த இடம் ஆங்கிலக் கம்பெனிகள் நடத்திய கோலார் தங்கச் சுரங்கம். பின்னர் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர் எழுந்தது. அதன் கால்வாய் நீர் ஆற்றின் மறுகரையில் மண்டியாவையும் மளவள்ளியையும் செழிக்கச் செய்தது. சென்னை மாகாணம் 1934இல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தது. அது கொள்ளேகாலுக்குக் கீழே உள்ள அணை. ஆற்றோரக் கிராமங்கள் சில நீங்கலாக, இவ்வட்டத்து உழவர் வானத்தையே பார்த்திருந்தனர்.

1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு உண்டு. பவானி, அமராவதி, நொய்யல் ஆறுகளில் சென்னை அரசு அணை கட்டினால், அதன் கொள்ளளவில் 60 விழுக்காட்டுக்கு மிகாத அணையொன்றைக் காவிரியின் துணையாற்றில் மைசூர் அரசு ஈடாகக் கட்டிக்கொள்ளலாம். இரண்டு அரசுகளும் அணைகளைக் கணக்கிட்டன. எந்த நிலத்து உழவருக்கு நீர் இன்றியமையாதது என்ற கணக்கு அதில் இடம்பெறவில்லை.

அந்தக் கணக்கை ஓரளவேனும் போட்ட திட்டம் என்பதால்தான் கீழ்பவானியை நாம் கற்க வேண்டும். பவானி ஆற்றில் கொடிவேரி அணையும், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காலிங்கராயன் அணையும் பழைமையானவை. அவற்றின் வாய்க்கால்கள் ஆற்றையொட்டிய தாழ்நிலங்களுக்கே பாய்ந்தன. மேட்டிலிருந்த செம்மண் புன்செய்க்காரர் ஆழ்கிணற்றில் கவலை கட்டி நீர் இறைத்தனர். மழை பொய்த்த ஆண்டில் மாட்டை விற்றனர். அணை வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கையை விடுதலைப் போராட்ட வீரரும் சட்டமன்ற உறுப்பினருமான எம்.ஏ. ஈஸ்வரன் இடைவிடாது வலியுறுத்தினார். 1955இல் அணை முடிந்தது. கொள்ளளவு ஏறத்தாழ 32.8 டி.எம்.சி.; மேட்டு நிலத்தை வளைத்துச் செல்லும் கால்வாயின் நீளம் சுமார் 200 கிலோமீட்டர்; ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர்.

இதைவிட முக்கியமானது பங்கீடு. இருக்கும் நீரைக் கொண்டு குறைந்த பரப்பில் ஆண்டு முழுதும் நெல் விளைவித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், நீரை விரித்துப் பலருக்கும் கொடுப்பது என முடிவாயிற்று. தொடக்கத்தில் புன்செய்ப் பயிருக்கென்றே வகுத்த திட்டம் இது. ஆனால் தலைமடையில் இருந்தோர் நெல்லை நட்டு நீரை இழுத்துக்கொள்ள, கடைமடை காய்ந்தது. கடைமடையின் குறை தீர முறைப்பாசனம் வந்தது. ஆயக்கட்டு இரு பாதியாயிற்று. ஒவ்வொன்றும் 1,03,500 ஏக்கர். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் முதல் நன்செய்ப் பயிருக்கு நீர். மறுபாதிக்கு அதன்பின் புன்செய்ப் பயிருக்கு நீர். அடுத்த ஆண்டு முறை மாறும்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. நிலம் வைத்திருந்தவருக்கே நீர் கிடைத்தது. கால்வாய் வந்ததும் நிலத்தின் விலை ஏறியது. நிலமற்ற தலித் உழைப்பாளிக்குக் கூடுதல் கூலி நாள் கிடைத்ததே தவிர, ஒரு காணி நிலம் கிடைக்கவில்லை. நிலச் சீர்திருத்தம் இல்லாத பாசனம் ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே வளர்க்கும்.

இன்று அங்கே உழவரே இரு தரப்பாகியுள்ளனர். 2020இல் சுமார் 709 கோடி ரூபாயில் கால்வாய்ச் சீரமைப்புக்கு ஆணை வந்தது. கான்கிரீட் போட்டால் கசிவு நின்று கிணறுகள் வற்றும் என்கிறார் ஒருவர். போடாவிட்டால் கடைமடைக்கு நீர் எட்டாது என்கிறார் மற்றவர். இருவர் அச்சமும் நியாயமானதே. இருவரையும் ஓரிடத்தில் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கும் அமைப்பு இல்லாததே உண்மையான குறை.

ஒரே கால்வாயின் உழவர்களே பிளவுபட முடியுமென்றால், இரு மாநில உழவர்களைப் பிளப்பது ஆளும் வர்க்கக் கட்சிகளுக்கு எவ்வளவு எளிது! நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பின், 1991 டிசம்பரில், பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழ் உழைப்பாளர் தாக்கப்பட்டதை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். அடித்தவரும் அடிபட்டவரும் பெரும்பாலும் ஏழைகள். அந்த அடியால் கர்நாடகத்தின் ஒரு வறண்ட வயலுக்கேனும் நீர் வந்ததா?

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிற்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகத்திற்கு 284.75 டி.எம்.சி. என வரையறுத்தது. நடுவர் மன்றம் அளித்ததைவிடக் கர்நாடகத்திற்கு 14.75 டி.எம்.சி. கூடுதல். மாநிலத்தின் பங்கு தெளிவாகிவிட்டது. அந்தப் பங்கிற்குள் கொள்ளேகால், அனூர் பகுதி மானாவாரி உழவரின் பங்கு எவ்வளவு? இக்கேள்வியைப் பெங்களூரை நோக்கிக் கேட்க வேண்டும். இதற்குச் சேலத்து உழவரோ தஞ்சை உழவரோ எதிரியல்லர்.

வழி இல்லாமல் இல்லை. குண்டால் அணை தன் சிற்றாற்றின் மழையை நம்பிக் கட்டப்பட்டது. வெள்ளக் காலத்துக் காவிரி நீரை ஏற்றி இதுபோன்ற அணைகளையும் ஏரிகளையும் நிரப்புவது நடைமுறைக்கு ஒத்ததே. பழைய கோவை மாவட்டத்தின் மறுகோடியில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், அறுபது ஆண்டுக் கோரிக்கைக்குப்பின், 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்குக் கீழே வரும் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 ஏரி குளங்களுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் அது.

ஆகவே தோழர்களே, ஊர் ஊராகச் சென்று ஏரிகளையும் வரத்து வாய்க்கால்களையும் கணக்கெடுப்போம். ஆக்கிரமிப்புகளைப் பெயர் பார்க்காமல் பட்டியலிடுவோம். நீர்ப் பங்கீட்டுக் குழுக்களில் குத்தகையாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் இடம் கேட்போம். கன்னடம் பேசும் உழவரும் தமிழ் பேசும் உழவரும் ஒரே மனுவில் கையெழுத்திடட்டும். கீழ்பவானி புன்செய்க்காரர் கேட்டுப் பெற்றார். நாமும் ஒன்றுபட்டுக் கேட்போம், பெறுவோம்!