விதியா, காப்பில்லாத எந்திரமா?

(தொழிலாளர் வாசகசாலை ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



இன்று வேறு ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசும்படி நம்மை அழைத்திருந்தார்கள். ஆனால் கூட்டம் தொடங்குமுன் ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் சொன்ன சங்கதி அதைவிட அவசரமானதாகத் தோன்றியதால், தலைவர் அவர்களின் அனுமதியோடு அதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்லுகிறோம்.

அத்தோழர் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவர். ஒரு மில்லில் எந்திரங்களைப் பழுது பார்க்கும் பகுதியில் 9 வருஷமாக இருக்கிறார். கடைசி 5 வருஷம் சூப்பர்வைசர். அந்த வேலையை விட்டு, ஒரு வருஷம் படித்து, தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி உத்தியோகத்துக்குப் போக விரும்புகிறார். வீட்டில் அவருடைய தாயாரும் மாமனாரும், "கையிலுள்ள சோற்றை உதறிவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றும் வேலைக்கா போகிறாய்? அவனவன் தலையில் எழுதினதை நீ போய் அழிக்கப் போகிறாயா?" என்றார்களாம்.

இதில் சோற்றைப் பற்றிய கேள்வி நியாயமானது. அதற்குப் பின்னால் வருகிறோம். தலையெழுத்துச் சங்கதிதான் முதலில் ஆராய வேண்டியது.

ஒரு தொழிலாளி எந்திரத்தில் விரலைப் பறிகொடுத்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அவனுக்கு நேரம் சரியில்லை, அஷ்டமத்துச் சனி" என்கிறார்கள். மறு வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த எந்திரத்துக்கே சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குகிறார்கள். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரே எந்திரத்தில், ஒரே பல்சக்கரத்தில், பத்து வருஷத்துக்குள் நான்கு பேர் விரல் போயிற்றென்றால், அந்த நான்கு பேருக்கும் ஜாதகம் ஒன்றுதானா? அந்தப் பல்சக்கரத்துக்கு ஓர் இரும்பு மூடி போட்ட மறுநாள் முதல் எவன் விரலும் போகவில்லையே, அந்தச் சனி எங்கே ஓடிப் போயிற்று? பத்து ரூபாய் எலுமிச்சம்பழத்தால் ஆகாத காரியம் ஒரு தகட்டாலும் நாலு போல்ட்டாலும் ஆகிறதென்றால் தெய்வம் எது என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

விதி என்பதில் முதலாளிக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. மூடி போடாதது குற்றம் என்றால் போடாதவன் பதில் சொல்ல வேண்டும். 1923ம் வருஷத்திலேயே நஷ்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டதால் பணமும் கொடுக்க வேண்டும். விதி என்றாலோ யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விதி கோர்ட்டுக்கும் வராது, நஷ்டஈடும் தராது.

இந்தப் பாதுகாப்பு வேலை நேற்று முளைத்ததல்ல. இத்தாலியில் மோதேனா என்ற ஊரில் ராமஸ்ஸினி என்று ஒரு வைத்தியர் இருந்தார். அவருடைய வீட்டு மலக்குழியை ஒரு தொழிலாளி அள்ளிக் கொண்டிருந்தான். ஏன் இப்படி அவசரப்படுகிறாய் என்று வைத்தியர் கேட்க, சில மணி நேரத்துக்கு மேல் இதற்குள் இருந்தால் கண் போய்விடும் என்று அவன் சொன்னான். வைத்தியர் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் போகவில்லை. அவன் கண்ணைப் பார்த்தார். ஊரில் அதே வேலை செய்து கண் கெட்டுப் பிச்சையெடுத்தவர்களையும் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தொழிலாக விசாரித்து, தொழிலாளிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியன் கேட்க வேண்டிய கேள்விகளில் "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று சொன்னவர் அவர்தான். நம் நாட்டில் அந்தக் கேள்வியை எத்தனையோ நூற்றாண்டாகக் கேட்டுத்தான் வந்திருக்கிறோம். ஆனால் வைத்தியம் செய்வதற்காக அல்ல, திண்ணையில் ஏறலாமா கூடாதா என்று தெரிந்து கொள்வதற்காக!

அதே குழி வேலையை இங்கே ஒரு ஜாதியின் தலையில் கட்டினோம். 1993லும் 2013லும் அதைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டுமென்று 2014ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2023ல் அதை 30 லட்சமாக்கிற்று. சாவு நிற்கவில்லை. ஏனென்று இங்குள்ள எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும். குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு தேங்குகிறது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் உணர்ச்சியே செத்துப் போகும். "இப்போது நாற்றமில்லை, இறங்கலாம்" என்று எவன் நினைக்கிறானோ அவன்தான் சாகிறான். அவன் விழுந்ததைப் பார்த்துக் காப்பாற்ற இறங்குகிற தம்பியும், அவனைத் தூக்க இறங்குகிற மைத்துனனும் சேர்ந்து சாகிறார்கள். மூன்று பிணத்தையும் பார்த்து ஊரார் "முனி அடித்துவிட்டது" என்கிறார்கள். அடித்தது முனி அல்ல. மனிதனை இறக்காமல் எந்திரத்தால் அள்ளியிருந்தால் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள்.

உத்தியோகம் மாறுவதைப் பற்றி வீட்டில் கேலி செய்கிறார்களென்று நமது தோழர் வருத்தப்பட்டார். பிரான்ஸஸ் பெர்க்கின்ஸ் என்ற அம்மையாரின் சங்கதியை அவர் வீட்டில் சொல்லலாம். அவர் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து பின்னர் சமூக வேலைக்கு வந்தவர். 1911 மார்ச் 25ந் தேதி நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் கம்பெனியில் தீப்பிடித்தபோது பக்கத்தில் ஒரு வீட்டில் தேநீர் அருந்திக் கொண்டிருந்தார். ஓடி வந்து பார்த்தால், பெண்கள் ஜன்னல் வழியே கீழே குதித்துச் சாகிறார்கள். வெளியே போகும் ஒரு கதவு பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த ஏழை இத்தாலிய, யூதப் பெண்கள். முதலாளிகள் இருவரையும் அவ்வருஷ டிசம்பரிலேயே குற்றமில்லையென்று விட்டுவிட்டார்கள். அம்மையார் பாதுகாப்புக் கமிட்டியின் காரியதரிசியாகி, சட்டசபைக்காரர்களைத் தொழிற்சாலை தொழிற்சாலையாக அழைத்துப் போய்க் காட்டி, தீயணைப்புக்கும் வெளிவழிக்கும் சட்டங்கள் வரச் செய்தார். 1933ல் தொழில் மந்திரியாகி 1945 வரை இருந்தார். அந்நாட்டு மந்திரிசபையில் முதல் பெண் அவரே.

நம் நாட்டில் 1984 டிசம்பர் 2ந் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் விஷவாயு கிளம்பி, தூங்கிய ஜனங்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. விஷத்தைக் குளிராக வைக்க வேண்டிய எந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் 1987ல், அபாயம் வரப்போவதாகத் தெரிந்தால் எச்சரிக்கை செய்யும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதினார்கள். பாதுகாப்பு அதிகாரி வேண்டுமென்பது 1976லேயே சேர்க்கப்பட்டது. 1000 பேர் உள்ள ஆலைக்கு. 2020ல் பார்லிமெண்டில் ஆன தொகுப்புச் சட்டம் அதை 500 என்றும், அபாயமான தொழிலானால் 250 என்றும் குறைத்திருக்கிறது. 40 பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஒருவரும் வேண்டியதில்லையாம்! அங்கே எந்திரம் மெதுவாகக் கடிக்கும் போலிருக்கிறது.

இனி சோற்றுக் கேள்வி. தோழரே! இந்த வேலைக்கு விதிகள் கேட்கும் யோக்கியதை, என்ஜினீயர் பட்டமானால் இரண்டு வருஷம், டிப்ளமாவானால் ஐந்து வருஷம் மேற்பார்வை அனுபவம், அதோடு சர்க்கார் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு டிப்ளமா. உமக்கு முதல் இரண்டும் இருக்கிறது. மூன்றாவதுக்குச் சென்னைத் தரமணியில் மத்திய சர்க்காரின் பிராந்தியத் தொழில் நிலையம் இருக்கிறது. ஒரு வருஷப் படிப்பு. தெருவுக்குத் தெரு "ஒரு மாதத்தில் சேஃப்டி ஆபீசர், வெளிநாட்டு வேலை நிச்சயம்" என்று போர்டு போட்டிருக்கிறார்களே, அங்கே பணத்தைக் கட்டிவிடாதேயும். அது தாயத்து வியாபாரம். சர்க்கார் ஒப்புக்கொண்டதா என்று எழுத்தில் கேளும். இடம் கிடைத்தது உறுதியான பிறகே ராஜினாமாக் கடிதம் கொடும்.

டிப்ளமா இல்லாத தோழர்களுக்கும் வழி உண்டு. பெரிய ஆலைகளில் பாதுகாப்புக் கமிட்டி அமைத்தால் தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டுமென்பது சட்டம். அந்த நாற்காலியில் தலையாட்டிகளை உட்கார விடாதீர்கள்.

9 வருஷம் வீணாகிறதே என்று மாமனார் கேட்டாராம். வீணாகவில்லை. எந்திரத்தின் மூடி ஏன் கழற்றப்படுகிறது என்பது புத்தகம் மட்டும் படித்தவனுக்குத் தெரியாது. மூடியிருந்தால் சிக்கிய நூலை எடுக்க எந்திரத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் உற்பத்தி குறையும், குறைந்தால் கூலி குறையும், ஆகையால் தொழிலாளியே கழற்றுகிறான் என்பது உமக்குத்தான் தெரியும். அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நிறுத்தாமலே நூலை எடுக்கும்படி மூடியைத் திருத்திச் செய்ய வேண்டும். தொப்பியும் பூட்ஸும் கடைசிக் காப்பு. அபாயத்தையே அகற்றுவதுதான் முதல் காப்பு. இதைத் தலைகீழாகச் செய்து, இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் தொப்பி கொடுக்கும் இடங்களை நாமே பார்த்திருக்கிறோம்.

ஒரு கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. உமக்குச் சம்பளம் முதலாளிதான் கொடுப்பார். "விபத்தில்லாத நாட்கள் இத்தனை" என்று வாசலில் ஒரு பலகை தொங்கும். ஒருவன் விரல் நசுங்கினால், பலகையின் எண் குறையாமலிருக்க அவனைத் தனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, லீவு போட்டதாக எழுதச் சொல்லுவார்கள். அன்றைக்கு நீர் எழுத மறுத்தால் முதலாளிக்கு ஆகாதவராவீர். மூடியைக் கழற்றாதே என்றால் தொழிலாளிக்கு ஆகாதவராவீர். இரண்டு பக்கமும் "உளவாளி" என்று பெயர் கிடைக்கும். இது தெரிந்தும் போகிறேன் என்றால் போம்.

இன்னொரு சங்கதி. அந்தப் பிராந்தியத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் பேசும் பாஷை பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்று விதியில் இருக்கிறது. விதி கேட்பது அவ்வளவுதான். ஆனால் இப்போது நம் மில்களில் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஏராளம். தமிழில் எழுதிய எச்சரிக்கைப் பலகை அவர்களுக்கு வெறும் கோடு. இந்தியைக் கட்டாயமாக்குவதை நாம் எதிர்த்தோம், இன்றும் எதிர்க்கிறோம். ஆனால் "தொடாதே, கரெண்டு இருக்கிறது" என்பதை ஒரு பீகார் பையனுக்கு அவன் பாஷையில் சொல்லத் தெரிந்து கொள்வது யாரும் நம் மீது திணிப்பதல்ல. நாலு வார்த்தை கற்றுக்கொள்ளும்.

ஒரு வருஷம் சம்பளமில்லாமல் குடும்பம் நடப்பதற்கு என்ன வழி என்று அவருடைய மனைவியார் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை இவரிடம் மட்டும் விட்டுவிடாமல், இந்த வாசகசாலை நிர்வாகிகளும் சங்கத் தோழர்களும் கூட்டம் முடிந்தபின் உட்கார்ந்து பேசிக் கடனாகவாவது ஒரு ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். இன்னும் இரண்டு தோழர்கள் பேச வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்திக் கொள்கிறோம்.